பழைய புத்தகத்தை யாரும் பிடுங்கவில்லையே

“உன் பழைய புத்தகத்தை யாராவது வீட்டுக்கு வந்து பிடுங்கிட்டுப் போனாங்களா?”

இந்தக் கேள்வியை நான் முதலில் எதிர்கொண்டது 2008இல், கல்லூரி விடுதியின் இரண்டாவது மாடியில். கடைசியாக எதிர்கொண்டது போன மாதம். நடுவில் எத்தனை முறை என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. மேசை விளையாட்டு ஒன்றின் விதிகள் மாறும்போதெல்லாம் ஆட்டக்காரர்கள் கத்துவார்கள். உடனே இன்னொரு கூட்டம் வந்து இந்தக் கேள்வியைப் போட்டுவிட்டுப் போகும். கேட்பவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு இருக்கும். வளர்ந்த மனிதர்கள் பகடைக்கும் பொம்மைக்கும் போய் இப்படி அழலாமா என்கிற சிரிப்பு.

அந்தச் சிரிப்பை நோக்கித்தான் இந்தக் கட்டுரை. கத்துகிறவர்கள் எல்லோரும் நியாயவான்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களில் சிலரைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் கடுமையாகவே பேச வேண்டியிருக்கிறது. ஆனால் இந்தக் கேள்வி ஒரு மோசமான கேள்வி. முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

எங்கள் விடுதியில் ஐந்து பேர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடினோம். புத்தகம் வாங்கக் காசில்லை. சீனியர் ஒருவர் விட்டுப்போன ஜெராக்ஸ் கட்டு, ஸ்பைரல் பைண்டிங் போட்டது, 3.5 பதிப்பு. 2003இல் வந்த பதிப்பு அது. நான் மந்திரவாதி. ஒவ்வொரு நாள் காலையிலும், ஆட்டத்துக்குள் வரும் காலை, அன்று எந்தெந்த மந்திரம் தேவைப்படும் என்று ஊகித்து, முன்கூட்டியே தேர்ந்து மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு மந்திரத்தை ஒரு தடவைதான் ஏற்றினேன் என்றால் ஒரு தடவைதான் வீச முடியும். தப்பாக ஊகித்தால் அன்று முழுக்க நான் ஒரு தாடிக்காரக் கிழவன், அவ்வளவுதான். இந்த ஊகத்தில் தேறுவதற்கு எனக்கு எட்டு மாதம் ஆனது. செமஸ்டர் பாடங்களுக்கு அந்த உழைப்பைப் போட்டிருந்தால் அரியர் விழுந்திருக்காது.

2008 ஜூனில் நான்காவது பதிப்பு வந்தது. மந்திரவாதிக்கும் போர்வீரனுக்கும் ஒரே அச்சு: எப்போது வேண்டுமானாலும் செய்யக்கூடியவை சில, ஒரு சண்டைக்கு ஒரு முறை சில, ஒரு நாளைக்கு ஒரு முறை சில. தூரம் அடிக்கணக்கில் இல்லை, கட்டக்கணக்கில். எங்கள் குழுவில் போர்வீரனாக ஆடியவனுக்குத் தலைகால் புரியவில்லை. “மச்சான், ஒரு வருஷமா நான் ‘வெட்டுறேன்’னு மட்டும்தான்டா சொல்லிட்டிருந்தேன்” என்றான். அவன் சொன்னது உண்மை. 3.5இல் பத்தாம் நிலையைத் தாண்டினால் மந்திரவாதி உலகத்தையே வளைப்பான், போர்வீரன் பக்கத்தில் நின்று வெட்டிக்கொண்டிருப்பான். நான்காம் பதிப்பு அந்த அநியாயத்தைச் சரிசெய்தது. இன்று ஒரு மென்பொருள்காரனாகத் திரும்பிப் பார்த்தால், அது மிகச் சுத்தமாகக் கட்டப்பட்ட ஒன்று என்றுதான் சொல்வேன். அன்று எனக்கு அதைக் கிழித்துப் போட வேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் அவன் கேட்டான். பழைய புத்தகத்தை யாராவது பிடுங்கினார்களா?

பிடுங்கவில்லை. ஜெராக்ஸ் கட்டு என் டிரங்குப் பெட்டியில்தான் இருந்தது. ஆனால் ஆட்டம் அங்கே இல்லை. ஐந்து பேரில் மூன்று பேர் புதியதற்குப் போய்விட்டால், மிச்சம் இரண்டு பேரின் கையிலிருப்பது வெறும் காகிதம். சதுரங்கப் பலகையை வைத்துக்கொண்டு எதிரே ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பவனிடம் “பலகையை யாரும் எடுக்கலையே?” என்று கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கணினி விளையாட்டின் விதிகளை எந்திரம் காப்பாற்றும். யாருக்கும் விதி தெரியாவிட்டாலும் பந்து சுவரில் பட்டுத் திரும்பும். மேசை விளையாட்டில் விதிகளைக் காப்பாற்றுகிறவர்கள் ஆட்டக்காரர்கள்தான். அவர்கள் தலைக்குள், கைப்பழக்கத்தில், “இல்லடா, அது அப்படி வராது” என்று சொல்லும் நிச்சயத்தில்தான் விதி ஓடிக்கொண்டிருக்கிறது. புதிதாகச் சேரும் ஆள் கடையில் கிடைக்கும் பதிப்பைத்தான் வாங்கி வருவான். பழையது அச்சில் இருக்காது. ஆக, யாரும் பிடுங்காமலேயே அது போய்விடும்.

எங்கள் குழு உடைந்தது. யாரும் சண்டை போட்டுக்கொள்ளவில்லை. “இந்த ஞாயிறு வேலை இருக்கு” என்று ஆளாளுக்குச் சொல்லி, மூன்று மாதத்தில் முடிந்துபோனது.

அதே 2008 டிசம்பரில்தான் பைதான் மூன்றாம் பதிப்பு வந்தது என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. பழைய நிரல்கள் புதியதில் ஓடாது என்று தெரிந்தே வெளியிட்டார்கள். அதற்கும் இதே பதில்தான் சொல்லப்பட்டது: இரண்டாம் பதிப்பை யார் பிடுங்கினார்கள்? அங்கே குறைந்தபட்சம் ஒரு மரியாதை இருந்தது. பழையதை 2020 ஜனவரி 1 வரை பராமரித்தார்கள். ஏறக்குறைய பதினோரு வருடம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அந்தக் கடைசி டிசம்பர் வரைக்கும் இழுத்தடித்தோம், அது வேறு கதை. ஒரு நிரல்மொழியை மாற்றும்போது, மற்றவர்களின் உழைப்பு அதன்மேல் நிற்கிறது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒரு விளையாட்டின்மேல் நிற்கும் உழைப்பை மட்டும் ஏன் யாரும் உழைப்பாகவே எண்ணுவதில்லை?

இரண்டாவது வாதம் ஒன்று உண்டு. இது நிறுவனக்காரர்களுக்கும் அவர்களுக்காகப் பேசுகிறவர்களுக்கும் பிடித்தமானது. “எப்பவும் கத்துவாங்க, அப்புறம் வாங்குவாங்க.” இதற்கு அவர்கள் காட்டும் சாட்சி பெரும்பாலும் ‘மேஜிக்: தி கேதரிங்’.

1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய கார்டு விளையாட்டு அது. 1999இல் ஆறாம் பதிப்போடு அதன் விதிகளை அடியோடு பிரித்துக் கட்டினார்கள். ‘ஸ்டாக்’ வந்தது: கடைசியாகப் போட்டது முதலில் நடக்கும். இரண்டாம் வருடத்தில் பேராசிரியர் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் ஸ்டாக் என்றால் என்ன என்று கேட்டபோது நான் எழுந்து சொன்ன பதில், பாடப்புத்தகத்திலிருந்து வந்ததல்ல. பிரிண்ட் அவுட் எடுத்து வெட்டிய போலிக் கார்டுகளிலிருந்து வந்தது.

அந்த ஏற்பாட்டில் சண்டையில் ஏற்படும் காயமும் ஸ்டாக்கில்தான் ஏறும். உதாரணத்துக்கு ‘மாக் ஃபனாடிக்’ என்று ஒரு சின்ன கோப்ளின். பலம் ஒன்று, உயிர் ஒன்று. அதைப் பலிகொடுத்தால் யாருக்காவது ஒரு காயம் கொடுக்கலாம். எதிராளியின் இரண்டு உயிர் கொண்ட மிருகத்தை அதனால் தடுக்கிறேன் என்று வையுங்கள். கோப்ளின் கொடுக்க வேண்டிய ஒரு காயம் ஸ்டாக்கில் ஏறிவிட்டது, இன்னும் இறங்கவில்லை. அந்த இடைவெளியில் கோப்ளினைப் பலிகொடுத்து இன்னொரு காயம் கொடுத்துவிடுவேன். குத்து அந்தரத்தில் நிற்கிறது, குத்தியவன் ஆளே இல்லை, ஆனாலும் குத்து விழும். ஒன்றும் ஒன்றும் இரண்டு, மிருகம் காலி. முதல் தடவை இதைச் செய்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை எந்த நிரலும் இன்றுவரை கொடுத்ததில்லை.

2009 ஜூலையில் இதை எடுத்துவிட்டார்கள். இனி காயம் உடனே விழும். ஒன்று குத்தலாம், அல்லது பலிகொடுக்கலாம், இரண்டும் கிடையாது. ‘விளையாட்டிலிருந்து நீக்கப்பட்டது’ என்று இருந்தது ‘நாடுகடத்தல்’ என்றானது. செலவழிக்காத மந்திர சக்தி உங்களையே சுடும் என்ற விதியும் போனது. பலர் கொதித்தார்கள். விளையாட்டை முட்டாள்களுக்காக மாற்றிவிட்டார்கள் என்றார்கள். நானும் சொன்னேன்.

இங்கே நான் நிறுவனத்தின் பக்கம். ஆள் செத்தபிறகும் குத்து விழுவது, புதிதாக வருகிற யாருக்கும் விளங்காத ஒன்று. அது எங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு கதவு, அதனால்தான் அதை நேசித்தோம். தெரியாதவனை ஜெயிக்க உதவுகிற விதியைத் தெரிந்தவன் விட்டுக்கொடுக்க மாட்டான். எனக்கு அன்று வலித்தது என் எட்டு மாதத் திறமை செல்லாக்காசானது. அந்த வலி உண்மையானது. ஆனால் அந்த வலி மட்டுமே ஒரு விதியைக் காப்பாற்றக் காரணமாகாது. மேஜிக் வளர்ந்தது. நாங்களும் மறந்துபோனோம்.

“பாத்தீங்களா, மறந்துட்டீங்க” என்று இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். மறந்தவர்களை எண்ணுகிறீர்கள் ஐயா, போனவர்களை எங்கே எண்ணினீர்கள்? போனவன் உங்கள் கணக்கெடுப்பில் பதில் சொல்ல மாட்டான், ஏனென்றால் அவன் அங்கே இல்லை. நான்காம் பதிப்பை ஏற்காதவர்கள் சும்மா இருக்கவில்லை. 3.5இன் எலும்பை வைத்து பைசோ என்ற சிறு நிறுவனம் 2009இல் ‘பாத்ஃபைண்டர்’ வெளியிட்டது. ஒரு கட்டத்தில் கடை விற்பனையில் அது டி அண்ட் டியையே முந்தியது. மூத்த நிறுவனத்தின் பழைய விதிகளை வைத்தே அந்த நிறுவனத்தை அடித்தார்கள். 2014இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது அதில் எத்தனை பழைய பழக்கங்கள் திரும்பி வந்திருந்தன என்பதைப் பார்த்தால், கத்தல் எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியும்.

இன்னும் தெளிவான உதாரணம் வார்ஹேமர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதை ஆடுகிறவர்கள் குறைவு. கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் ‘வார்ஹேமர் ஃபேண்டஸி பேட்டில்’ 1983இல் தொடங்கியது. படைவீரர் பொம்மைகளைத் தனித்தனி உறுப்பாக வாங்கி, ஒட்டி, பிரஷ் பிடித்து வர்ணம் தீட்ட வேண்டும். ஒரு படை தயாராக மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் ஆகும். வீரர்கள் சதுர அடித்தளத்தில் நிற்பார்கள், வரிசை கட்டி அணிவகுக்க வசதியாக. ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு புள்ளி விலை உண்டு. இரண்டு பேரும் ஒரே புள்ளிக் கணக்கில் படை திரட்டினால் சமமான சண்டை.

2015இல் அந்த உலகத்தையே கதையில் அழித்துவிட்டு ‘ஏஜ் ஆஃப் சிக்மர்’ கொண்டுவந்தார்கள். நான்கு பக்க விதி. புள்ளிக் கணக்கு கிடையாது, மனம் போல் படையை வைத்துக்கொள்ளலாம். அடித்தளம் வட்டம். பழைய படைகளுக்கும் இலவசமாக விதித்தாள் கொடுத்தார்கள். நல்ல விஷயம்தானே? அந்தத் தாள்களைப் படித்தபோதுதான் தெரிந்தது. ஒரு தளபதிக்கு உள்ள விதி: உங்கள் மீசை எதிராளியின் மீசையைவிடப் பெரியதாக, கம்பீரமாக இருந்தால், தவறிய அடிகளுக்குப் பகடையை மறுபடி உருட்டலாம். மீசை இல்லாதவரும் பெண்களும் என்ன செய்வது என்பதை விடுங்கள். இதுமாதிரி இன்னும் சில கோமாளித்தனங்கள் இருந்தன.

ஒருவர் தன் டார்க் எல்ஃப் படையை நெருப்பில் போட்டு அதை வீடியோவாக வெளியிட்டார். ஊரே சிரித்தது. பொம்மையை எரிக்கிறான் பார், பைத்தியம். அந்த வீடியோவை நானும் சிரித்துக்கொண்டேதான் பார்த்தேன். இப்போது அப்படிப் பார்க்க முடியவில்லை. பல வருடம் குனிந்து உட்கார்ந்து வர்ணம் தீட்டிய ஒருவனிடம், உன் படை இனி ஒரு நகைச்சுவைத் துணுக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். ஆட்டத்தை நிறுத்தியிருந்தால்கூட இவ்வளவு கோபம் வந்திருக்காது. கேலி செய்துவிட்டார்கள், அதுதான். எரித்தது சரி என்று சொல்லவில்லை. சிரித்தவர்கள் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று யோசிக்கலாம்.

ஒரு வருடத்தில், 2016இல், புள்ளிக் கணக்கு புத்தகமாகத் திரும்பி வந்தது. 2024 ஜனவரியில் ‘வார்ஹேமர்: தி ஓல்ட் வேர்ல்ட்’ என்ற பெயரில் அழித்த பழைய உலகமே திரும்பி வந்தது, சதுர அடித்தளத்தோடு. கத்துவார்கள், பிறகு வாங்குவார்கள் என்றீர்களே? இங்கே நிறுவனம்தான் எட்டரை வருடம் கழித்து, கத்தியவர்கள் கேட்டதை விற்க வந்தது.

சரி, 2023க்கு வருவோம். டி அண்ட் டியின் உரிமையாளரான விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், 2000ஆம் வருடத்திலேயே ஒரு திறந்த உரிமம் வெளியிட்டிருந்தது. விதிகளின் அடிப்படையை எடுத்து யாரும் சொந்தமாகப் புத்தகம் எழுதி விற்கலாம். பாத்ஃபைண்டர் பிறந்ததே அதில்தான். 2023 ஜனவரி முதல் வாரத்தில் அதற்குப் பதிலாக வரவிருந்த புதிய உரிமத்தின் வரைவு கசிந்தது. பழைய உரிமம் இனிச் செல்லாது, ஏழரை லட்சம் டாலருக்கு மேல் வருமானம் வந்தால் அந்த மேல்தொகையில் இருபத்தைந்து சதவீதம் வரை கப்பம், நீங்கள் எழுதியதை நிறுவனமும் எடுத்துக்கொள்ளலாம். ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனியின் கைக்குள் இருக்கும் நிறுவனம் அது, எங்கே அழுத்தம் வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

சொந்தமாக எதையும் விற்காத சாதாரண ஆட்டக்காரர்கள் இதற்குப் பொங்கினார்கள். அவர்களைப் பார்த்தும் அதே கேள்வி வந்தது: உனக்கென்ன நஷ்டம்? அவர்கள் விவாதித்துக்கொண்டிருக்கவில்லை. நிறுவனத்தின் இணையச் சந்தாவை ரத்துசெய்தார்கள். நிறுவனம் இறங்கிவந்து திருத்திய வரைவைப் போட்டுக் கருத்துக் கேட்டது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பதில் எழுதினார்கள். அதில் 88 சதவீதம் பேர் அந்த உரிமத்தின்கீழ் எதையும் வெளியிட விரும்பவில்லை என்றார்கள். ஜனவரி முடிவதற்குள் பழைய உரிமத்தைத் தொடப்போவதில்லை என்று அறிவித்து, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் காமன்ஸில் போட்டுவிட்டார்கள். அதை இனித் திரும்பப் பெற முடியாது. நான்கு வாரத்தில் ஒரு பொதுச்சொத்து உருவானது. பொம்மைக்கு அழுதவர்கள் உருவாக்கியது.

அந்தப் பழைய கேள்விக்கு இன்னொரு சாவு 2024 ஆகஸ்டில். திருத்திய புதிய புத்தகம் வரவிருந்த சமயம். நிறுவனத்தின் டி அண்ட் டி பியாண்ட் தளத்தில் நீங்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் பழைய மந்திரங்கள், பாத்திரங்களின் தாளில் தானாகவே புதிய வடிவத்துக்கு மாறும் என்று அறிவித்தார்கள். பழையது வேண்டுமானால் நீங்களே தட்டச்சு செய்து சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. மறுபடி கூச்சல், சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். ஆனால் ஒன்று தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பிடுங்க மாட்டார்கள் என்பது காகிதக் காலத்து நம்பிக்கை. இப்போது அதற்கு வீட்டுக்கு வர வேண்டியதே இல்லை.

இத்தனை சொல்லிவிட்டு அடுத்த மாதம் நடந்ததைச் சொல்லாமல் போனால் நான் அயோக்கியன்.

மேஜிக்கில் ‘கமாண்டர்’ என்று ஒரு வகை உண்டு. நூறு கார்டு, ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று, பெரும்பாலும் நான்கு பேர் ஆட்டம். அதை நிறுவனம் கண்டுபிடிக்கவில்லை, ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தார்கள். அதன் விதிகளை நிறுவனத்துக்கு வெளியே இயங்கிய ஒரு சிறு குழு பல வருடம் பார்த்துக்கொண்டது. 2024 செப்டம்பர் 23 அன்று அந்தக் குழு நான்கு கார்டுகளைத் தடைசெய்தது. அவற்றில் இரண்டு ‘மானா க்ரிப்ட்’டும் ‘ஜுவல்டு லோட்டஸ்’ஸும். இரண்டும் ஆட்டத்தின் முதல் சுற்றிலேயே ஒருவரை மற்ற மூவருக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறவை. இரண்டும் விலையுயர்ந்தவை. மானா க்ரிப்ட் நூறு டாலரைத் தாண்டி விற்றுக்கொண்டிருந்தது.

குழு உறுப்பினர்களுக்குக் கொலைமிரட்டல்கள் போயின. ஒரே வாரத்தில் குழு கையை விரித்து, கமாண்டரின் நிர்வாகத்தை விசர்ட்ஸிடமே ஒப்படைத்துவிட்டது.

இந்தக் கோபத்தை நான் மேலே சொன்னவற்றோடு ஒரே வரிசையில் வைக்க மாட்டேன். காரணம் மிரட்டல் மட்டும் இல்லை. கமாண்டரில் ஒரு வழக்கம் உண்டு: மேசையில் இருப்பவர்கள் சம்மதித்தால் எந்த விதியையும் தள்ளிவைக்கலாம். அந்தக் கார்டால் ஆடத்தான் ஆசை என்றால் நண்பர்களிடம் கேட்டுவிட்டு ஆடலாம். முன்பின் தெரியாதவர்களோடு கடையில் ஆடுகிறவர்களுக்கு அது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிரட்டியவர்கள் பேசியது ஆட்டத்தைப் பற்றியே இல்லை. “என் காசு போச்சு” என்பதுதான் பேச்சு. கார்டு ஒரு பங்குப் பத்திரம், விதிக்குழு அதன் விலையைக் காக்க வேண்டிய காவல்காரன். இந்த நோய் புதிதல்ல. 1995இல் பழைய கார்டுகளை மறுபடி அச்சடித்ததற்குச் சேகரிப்பாளர்கள் கொதித்து, 1996இல் குறிப்பிட்ட சில கார்டுகளை இனி அச்சடிக்கவே மாட்டோம் என்று நிறுவனம் வாக்குக் கொடுத்தது. அந்தப் பட்டியல் இன்றும் இருக்கிறது. அதில் உள்ளவற்றை அசலாக வைத்து ஆட நினைக்கும் மாணவன் விலையைக் கேட்டால் மயங்கி விழுவான். நாங்கள் பிரிண்ட் அவுட் வெட்டியது அதனால்தான்.

நிறுவனம் இதில் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். ஜுவல்டு லோட்டஸ் 2020இல் கமாண்டருக்காகவே வடிவமைத்து விற்ற கார்டு. 2023இல்கூட மறுபடி அச்சடித்து, இது கிடைக்கலாம் என்ற ஆசையைக் காட்டித்தான் உறைகளை விற்றார்கள். காசை வாங்கிக்கொண்டது ஒருவர், மிரட்டல் வாங்கியது இன்னொருவர். 2023 ஜனவரியில் ஆட்டக்காரர்களின் கோபம் நிறுவனத்தின் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் பொதுவில் வைத்தது. 2024 செப்டம்பரில் அதேபோன்ற ஆட்டக்காரர்களின் கோபம், பொதுவில் இருந்த ஒன்றைப் பிடுங்கி நிறுவனத்தின் மடியில் வைத்தது. இரண்டையும் ‘ரசிகர்களின் எதிர்ப்பு’ என்று ஒரே தலைப்பில் போட்டு எழுதுகிறவர்களை என்ன சொல்வது.

போன மாதம் அந்தக் கேள்வியை மறுபடி எதிர்கொண்டேன் என்றேன் அல்லவா. இப்போது வேறு ஐந்து பேர், வேறு ஊர். ஞாயிறு மாலை, என் வீட்டுச் சாப்பாட்டு மேசை. இரண்டு வருடமாக 2014 புத்தகத்தில் ஓடும் கதை. புதிதாகச் சேர்ந்த பெண் 2024 புத்தகத்தோடு வந்தாள், பணம் கொடுத்து வாங்கிய அசல் புத்தகம். நான் எதிராளியின் மந்திரத்தை முறிக்க ‘கவுன்டர்ஸ்பெல்’ போட்டேன். மூன்றாம் நிலை மந்திரம்தான், பழைய விதிப்படி தானாகவே முறியும். “இல்லண்ணா, இப்ப அவனுக்கு ஒரு சேவிங் த்ரோ உண்டு. முறிஞ்சாலும் அவனோட ஸ்லாட் செலவாகாது” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான்: “அண்ணன் புக்கை யாரும் பிடுங்கலையே!”

அரை மணி நேரம் ஆட்டம் நின்றது. டீ போட்டோம். புதிய விதி நியாயமானது என்று எனக்கே தெரியும். மந்திரம் முறிந்தவனுக்கு அந்த வாய்ப்பு போனாலும், ஸ்லாட்டாவது மிஞ்சும். ஆனால் இரண்டு வருடமாக எங்கள் வில்லன்கள் பழைய விதியில்தான் செத்திருக்கிறார்கள். கடைசியில் கையைத் தூக்கச் சொன்னோம். மூன்றுக்கு இரண்டு: இந்தக் கதை முடியும்வரை பழையது, அடுத்த கதையிலிருந்து புதியது. அவள் தன் புதுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பிரித்து, ஓரத்தில் பென்சிலால் ‘அண்ணன் வீட்டில் செல்லாது’ என்று எழுதிக்கொண்டாள். பிறகு டிஎம் பகடையை என் பக்கம் தள்ளினான்.